பொங்கியண்ணனின் பதினான்காவது வாரம்

காலை ஏழேகால் மணிக்குப் பொங்கியண்ணன் ஐந்தாவது டம்ளர் தண்ணீரைக் குடித்தார். ஆறாவதைச் சாரதாமணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் அதற்குப் பின்னால் இருப்பது ஸ்கேனில் தெரியும். நிறைந்த பிறகு அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில் பெஞ்சு முழுக்க அப்படித்தான் காத்திருந்தார்கள். பொங்கியண்ணனைத் தவிர எல்லோரும் கர்ப்பிணிகள்.

பக்கத்திலிருந்த பெண் சாரதாமணியிடம் யாருக்கு ஸ்கேன் என்று கேட்டாள். சாரதாமணி கணவரைக் காட்டினாள். அந்தப் பெண் அவரையும் அவர் மீசையையும் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மனம் கேளாமல் சொன்னாள்.

"நடந்தீங்கன்னா அடக்க முடியாதுங்க. கால் மேல கால் போட்டுட்டு வேற எதையாச்சும் நெனச்சுக்குங்க."

வேறு எதை நினைப்பது என்று பொங்கியண்ணனுக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் நினைத்ததெல்லாம் தண்ணீரைத்தான். அவருக்கு மூன்று ரிக் வண்டிகள். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவார். இப்போதெல்லாம் இரண்டாயிரம் அடிக்குக் கீழே போனால்தான் ஈரம். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டை போடுவதுதான் தொழில். அதில் அவருக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை, பூமி வேறு யாருடையதோ என்பதால்.

இந்த முறை பூமி அவருடையது. பெருங்குடலின் கடைசி வளைவில், சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால், ஒரு கட்டி. புற்று என்று சேலத்து சர்ஜன் தீனதயாளன் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் ஒரு புது மருந்து கொடுப்பார்களாம். மருந்து கேட்டால் கட்டியை மட்டும் வெட்டிக் குடலை ஒட்டிவிடலாம். கேட்காவிட்டால் கீழ்ப்பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை போட்டுப் பை மாட்ட வேண்டும். பை நிரந்தரம். பையோடு லாரி ஓட்டுகிறார்கள், நீச்சலடிக்கிறார்கள், ஒருவர் சபரிமலைக்கே போய்வந்தார் என்றார் சர்ஜன். மற்றவர்களுக்கு அது சரிதான் என்று பொங்கியண்ணன் ஒப்புக்கொண்டார்.

மருந்து கேட்கிறதா இல்லையா என்பதை அளக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கேன். மருந்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

டாக்டர் ரேணுகாதேவி அவரைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவினார். கையில் ஊசி போட்டார். ஊசியில் மருந்து இல்லை, குமிழிகள்தான் என்றார். கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள். ரத்தத்தோடு ஓடும். ஒலி பட்டால் மின்னும்.

"சோடாவுங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க. கட்டி வளரணும்னா அதுக்குச் சோறு வேணுமில்லீங்களா. பக்கத்துல ஓடுற ரத்தக் குழாய்ல இருந்து தனக்குன்னு புதுசா குழாய் இழுத்துக்கும்."

"திருட்டுக் கனெக்சன்."

"அதேதாங்க. அந்தக் கனெக்சனைத்தான் மருந்து வெட்டும். கட்டியோட அளவு குறைய நாளாகும். கனெக்சன் அறுந்துச்சான்னு இதுலதான் மொதல்ல தெரியும்."

பொங்கியண்ணன் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். இருட்டில் பொன்னிறமாக இழைகள் ஊர்ந்தன. இரவில் மலைக்கோவில் படியிலிருந்து பார்த்தால் கீழே தெரியும் ஊர் மாதிரி இருந்தது. தெருக்கள் மட்டும் கோணல். அழகாக இருந்தது என்று நினைத்து, உடனே தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்போது திரை அணைந்தது. வீணை ஒலித்தது. ஒரு பெண் குரல், தாய்மையோடு பேசியது.

"வாழ்த்துகள். தங்களுக்குள் ஓர் உயிர் வளர்கிறது. பதினான்கு வாரம். நலமாக உள்ளது. இதற்கு மேல் கேட்பது குற்றம்."

கதவைத் திறந்துகொண்டு ஆயா வந்தாள். கையில் கல்கண்டுத் தட்டு. வீணை கேட்டால் கல்கண்டு கொண்டுவருவது அந்த சென்டரின் வழக்கம். உள்ளே வந்தவள் படுக்கையில் யார் என்று பார்த்தாள். தட்டை நீட்டுவதா இழுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நடுவில் நிறுத்தினாள்.

பொங்கியண்ணன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இயந்திரத்தைப் பார்த்தார். முதலில் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றார்.

திரும்பி வந்ததும் டாக்டர் விளக்கினார். ஒரு காலத்தில் ஸ்கேனில் பார்த்து, பெண் என்றால் கலைத்தார்கள். டாக்டர் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. டாக்டர் சொல்லவில்லை. சிரித்தால் பையன், சிரிக்காவிட்டால் பெண் என்று ஆனது. அப்புறம்தான் மனிதரை நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்து, கருக்காப்புச் சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு ஸ்கேன் இயந்திரத்துக்குள்ளும் ஒரு காவல் சில்லை வைத்தார்கள். வயிற்றில் நச்சுக்கொடி மாதிரி புது ரத்தக் குழாய்கள் தெரிந்தால் சில்லு விழித்துக்கொள்ளும். படத்தை மறைக்கும். கருவைப் பதிவு செய்யும். பிறகு பிறக்கும்வரை நலமா இல்லையா என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாது.

"நல்ல சட்டந்தானுங்க" என்றார் பொங்கியண்ணன். "ஆனா நான் ஆம்பளைங்க."

"அதை அது கேக்காதுங்க. மொதல்ல கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. பொம்பளைய ஆம்பளைன்னு பதிஞ்சு ஏமாத்துனாங்க. அதனால கேள்வியையே எடுத்துட்டாங்க. கட்டியும் நச்சுக்கொடியும் ஒரே மாதிரிதான் குழாய் இழுக்கும். அவசரமா, கோணல்மாணலா. உங்களுக்குக் கட்டி இருக்கிற எடமும் அப்படி."

சாரதாமணி தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கணவரைப் பார்க்காமல் அதை மென்றாள்.

டாக்டர் சென்னையில் இருந்த கருக்காப்பு ஆணையத்துக்குப் போன் செய்தார். எதிர்முனையில் ஓர் இளைஞன் மிகவும் பணிவாகப் பேசினான். அறுபத்தொரு வயது ஆண் என்று டாக்டர் சொன்னார். முன்பும் பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். மருத்துவக் குழு ஒன்று விசாரித்துப் பதிவை நீக்கலாம், குழுவை இனிமேல்தான் அமைக்க வேண்டும் என்றான். அதுவரை வேறு வழி உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"பிரசவம் ஆயிட்டா தானா நீங்கிடும் மேடம்."

வேறு ஊரில் வேறு இயந்திரத்தில் பார்க்கலாமே என்று பொங்கியண்ணன் சொன்னார். ரத்தக் குழாய்ப் பின்னல் கைரேகை மாதிரி, எந்த ஊரில் எந்த இயந்திரம் பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். முதல் ஸ்கேனின் அளவு இயந்திரத்துக்குள் இருக்கிறது. இயந்திரத்துக்குத் தெரியும். ஆனால் சொல்லாது.

மருந்தை ஆரம்பித்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் ஸ்கூட்டி நின்றது. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா. பொங்கியண்ணன் என்பது யார் என்று கேட்டாள். அவர்தான் என்று தெரிந்ததும் செல்போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி செல்போனைப் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சோடு எடைக் கருவியை வெளியே எடுத்தாள். பதிவில் பெயர் இருந்தால் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவள் சம்பளம் நின்றுவிடும்.

எடை பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். இரும்புச்சத்து மாத்திரையும் இரண்டு பாக்கெட் சத்துமாவும் கொடுத்தாள். செல்போனில் இருந்த அறிவுரைகளை ஒன்றுவிடாமல் வாசித்தாள். பாரம் தூக்கக் கூடாது. இடதுபுறம் திரும்பிப் படுக்க வேண்டும். மாமியாரோடு சண்டை என்றால் தன்னிடம் சொல்லலாம். மாமியார் செத்துப் பத்து வருடம் ஆகிறது என்றார் பொங்கியண்ணன். சண்டை இல்லை என்று நர்ஸம்மா குறித்துக்கொண்டாள்.

மாத்திரையைக் குப்பையில் போடப் போனார். சாரதாமணி டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். கட்டி கசிந்து அவருக்கு ரத்தம் குறைந்திருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை எழுதித்தரவே இருந்தேன் என்றார் டாக்டர். சத்துமாவும் நல்லதாம். அன்றிலிருந்து காலையில் சத்துமாவுக் கஞ்சி. ஒரு வாரத்தில் கன்னத்தில் சதை வைத்தது. முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊரில் செய்தி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. ரிக் உரிமையாளர் சங்கத்தில் அவர் நுழைந்ததும் மூன்று பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். புளிப்பாக ஏதாவது வாங்கி வரட்டுமா என்று ஒருவர் கேட்டார். அங்கப்பன்தான் மோசம். அடுத்த தெருக்காரர், சின்ன வயதுக் கூட்டாளி, அவருக்கும் இரண்டு ரிக். வளையல்காரனுக்குச் சொல்லிவிட்டதாகவும் மணிக்கட்டு அளவு மட்டும் வேண்டும் என்றும் சபையில் வைத்துச் சொன்னார்.

"நீ சிரி மாப்ள. உனக்கு வந்தா தெரியும்."

"எனக்கு வராதுங்க மாப்ள. நான் ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்."

அவர்கள் சிரித்தது அவருக்குக் கஷ்டமாக இல்லை. புற்று என்று தெரிந்ததும் எல்லோரும் அவரிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். கர்ப்பம் என்று ஆனபிறகுதான் பழையபடி பேசினார்கள்.

அவரை வாட்டியது வேறு. திங்கட்கிழமைதோறும் ஆணையத்திலிருந்து செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. பதிவான எல்லாத் தாய்மார்களுக்கும் வருவதுதான். உங்கள் செல்வம் இப்போது ஓர் எலுமிச்சை அளவு என்றது முதல் வாரம். அடுத்த வாரம் சாத்துக்குடி. பிறகு மாதுளை. அது நாள்காட்டியைப் பார்த்து அனுப்பும் செய்தி, உங்கள் வயிற்றைப் பார்த்து அல்ல என்று டாக்டர் பலமுறை சொன்னார். பொங்கியண்ணனும் தலையாட்டினார். ஆனால் ஞாயிறு இரவானால் தூக்கம் போனது. மருந்து கேட்டால் மாதுளை சாத்துக்குடியாக வேண்டும், சாத்துக்குடி எலுமிச்சையாக வேண்டும். செல்போனில் பழம் பெருத்துக்கொண்டே போனது. மல்கோவா மாம்பழம் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

இரண்டு மாத மருந்து முடிந்ததும் சர்ஜன் தேதி குறித்தார். வரும் வெள்ளிக்கிழமை. அதற்குள் ரத்த ஓட்டத்தின் அளவு கைக்கு வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் இருட்டில் கத்தி வைக்க மாட்டேன், முழுவதையும் எடுத்துவிட்டுப் பைதான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். குழாய்கள் உயிரோடு இருக்கும் இடத்தில் வெட்டி ஒட்டினால் புற்று திரும்பி வரும்.

அன்று சாயங்காலம் பொங்கியண்ணன் முதல்முறையாக அங்கப்பனிடம் அந்தப் பையைப் பற்றிப் பேசினார். ரிக் ஓடும் இடத்தில் பையன்களோடுதான் அவர் சாப்பிடுவார், லாரிக்கு அடியில் அவர்களோடுதான் படுப்பார். பை மாட்டினால் பையன்கள் மரியாதையாகத் தள்ளிப் படுப்பார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியாது என்றார். அங்கப்பன் கொஞ்ச நேரம் கிண்டல் செய்யவில்லை. பிறகு ஒரு யோசனை சொன்னார்.

சட்டம் மனிதருக்குத்தான். மாட்டுக்கு இல்லை. மாட்டு ஸ்கேனில் காவல் சில்லும் கிடையாது. சினையா இல்லையா, காளையா கிடாரியா என்று தைரியமாகச் சொல்லும். அதைச் சொல்லத்தானே அது இருக்கிறது.

நாமக்கல் போகும் வழியில் ஒரு மாட்டு டாக்டர், அங்கப்பனுக்குத் தெரிந்தவர். முதலில் முடியாது என்றார். பொங்கியண்ணனின் முகத்தைப் பார்த்த பிறகு, முடியாது என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். கடைசியில் கொட்டகைக்குள் ஒரு மேசையில் படுக்கச் சொன்னார். குமிழி ஊசி அவரிடம் இல்லை. இருப்பதை வைத்துப் பார்க்கலாம் என்றார். இயந்திரம் முதல் கேள்வியாக இனம் என்ன என்று கேட்டது. காங்கேயம், சிந்து, ஜெர்சி, கலப்பினம் என்று நான்கு காட்டியது. அதில் ஒன்றைத் தொடாமல் மேலே போகாது. டாக்டரின் விரல் கலப்பினத்துக்குப் போனது.

"காங்கேயம் போடுங்க" என்றார் பொங்கியண்ணன் படுத்தபடியே.

இயந்திரம் வெகுநேரம் முனகியது. பக்கத்துக் கட்டுத்தறியில் ஒரு பசு அசைபோட்டுக்கொண்டு அவரையே பார்த்தது. கடைசியில் திரையில் எழுத்து வந்தது. மாடு மெலிந்துள்ளது. சினை ஐயத்துக்குரியது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு கூட்டவும்.

ஐயத்துக்குரியது என்றால் என்ன பொருள் என்று பொங்கியண்ணன் கேட்டார். குறைந்துவிட்டது என்றா, இருக்கிறது என்றா? மாட்டு டாக்டர் நேர்மையானவர். மாடாக இருந்தால் அடுத்த மாதம் ஓட்டி வாருங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றார். திரும்பும் வழியெல்லாம் அங்கப்பன் வாயைத் திறக்கவில்லை. திருச்செங்கோட்டு மலை தெரிந்ததும் மட்டும், புண்ணாக்கு வாங்க வண்டியை நிறுத்தவா என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பெஞ்சு. டாக்டர் ரேணுகாதேவிக்கும் நம்பிக்கை இல்லை. குமிழி ஏறிய முதல் சில நொடிகளில், சில்லு விழிப்பதற்குள் ஏதாவது கண்ணில் படாதா என்ற ஆசைதான். அசையாமல் படுங்கள், மூச்சை அடக்குங்கள் என்றார். பொங்கியண்ணன் ஏற்கெனவே நிறைய அடக்கிக்கொண்டிருந்தார்.

கருவியை வயிற்றில் வைத்த உடனே திரை அணைந்தது. பின்னல் அதற்கு நினைவிருந்தது. டாக்டர் காத்திருந்தார். வீணை வரவில்லை. குரலும் வரவில்லை. வாழ்த்து இல்லை, வாரக் கணக்கு இல்லை, நலமும் இல்லை. கதவருகே ஆயா தட்டோடு வந்து நின்று காதைத் தீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"ஏனுங்க, ஒண்ணும் சொல்லலீங்களே."

"தெரியலீங்க" என்றார் டாக்டர். "இப்படி ஆனதில்லை."

பொங்கியண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தோண்டும்போது ரிக் சத்தம் சட்டென்று நின்றால், பாறையை உடைக்கும் சுத்தியல் குழிக்குள் சிக்கிக்கொண்டது என்று பொருள். நல்லதுக்கு நின்று அவர் பார்த்ததில்லை. டாக்டர் சர்ஜனுக்குப் போன் செய்து படம் கிடைக்கவில்லை என்று தெரிவித்தார். அப்படியானால் பைதான் என்று பதில் வந்தது. டாக்டர் அதை அப்படியே சொல்லாமல், சர்ஜன் நாளைக் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார் என்று சொன்னார். பொங்கியண்ணனுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தார். சென்னையில் இருந்த ஒரே மகனுக்குப் போன் செய்து, வண்டிகளின் சாவி எங்கே இருக்கிறது என்று தேவையில்லாமல் சொன்னார். அங்கப்பன் வந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது ஜீப் வந்தது. கருக்காப்புப் பறக்கும் படை என்று கதவில் எழுதியிருந்தது. இரண்டு பெண் காவலர்கள் இறங்கி வாசலின் இரு பக்கமும் நின்றார்கள். நடுவில் ஓர் அம்மாள் வந்தார். பெயர் தமயந்தி, ஆய்வாளர் என்று சொன்னார். கையில் பலகை அளவுக்கு ஒரு திரை. பொங்கியண்ணன் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று சாரதாமணியிடம் கேட்டார்.

சாரதாமணி கணவரைக் காட்டினாள்.

தமயந்தி அம்மாள் அவரைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். இருபது வருட அனுபவம் அவருக்கு. முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஆனால் வாசித்த குரலில் உறுதி கொஞ்சம் இறங்கியிருந்தது. பதிவு பெற்ற கரு, பதினான்காம் வாரத்தில் நலமாக இருந்தது, இன்று காலைப் பரிசோதனையில் காணவில்லை. பிரசவம் பதிவாகவில்லை. ஆகவே சட்டவிரோதமாகக் கருவைக் கலைத்ததாகப் பொங்கியண்ணன் மேல் குற்றம் சாட்டப்படுகிறது.

"என்னது காணோம்?" என்றார் பொங்கியண்ணன்.

"கருங்க."

"காணோம்னா எப்படிங்க சொல்றீங்க?"

குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் முதல் ஸ்கேன். இரவில் மலையிலிருந்து பார்த்த ஊர். வலது பக்கம் இன்று காலை எடுத்தது. ஊர் முழுக்க மின்வெட்டு. ஓரத்தில் இரண்டு தெரு விளக்கு மட்டும் மினுங்கின.

"ரத்த ஓட்டம் பத்துல ஒரு பங்கு கூட இல்லீங்க. குழாயெல்லாம் அத்துப் போச்சு. தானா கலைஞ்சா இப்படி ஆகாதுங்க. மருந்து குடுத்துத்தான் செஞ்சிருக்காங்க."

பொங்கியண்ணன் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார்.

"அம்மிணி, நீங்க நல்லா இருக்கோணும். அதையே போன்ல ஒருத்தருகிட்டச் சொல்லுங்க."

சர்ஜன் தீனதயாளன் முதலில் யார் பேசுவது என்று புரியாமல் திணறினார். பறக்கும் படை என்றதும் மிரண்டார். கலைக்க மருந்து கொடுத்தவர் நீங்களா என்று ஆய்வாளர் கேட்டதும் வக்கீலிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார். போனைப் பிடுங்கிப் பொங்கியண்ணன் விளக்கினார். படம் ஆய்வாளரின் திரையிலிருந்து சேலம் போனது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆதாரத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், அதுவும் விதிதான். படத்தைப் பார்த்த சர்ஜன், மருந்துக்கு இப்படி ஒரு பலனைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை, நாளைக்கு வெட்டி ஒட்டிவிடலாம், பை வேண்டாம் என்றார்.

அங்கப்பன் துண்டால் மூக்கைச் சிந்தினார். வளையல்காரனை வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கேட்டார்.

விஷயத்தை முழுதாகக் கேட்டதும் தமயந்தி அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் இருந்த காவலர்களை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சாரதாமணி காபி போட உள்ளே போனாள். ஆனால் வழக்கை முடிக்க வேண்டுமென்றால் திரையில் இருக்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் போட்டே ஆக வேண்டும், ஒன்றைக்கூடத் தாண்ட விடாது என்றார். நீங்கள் ஆணா என்று ஒரு கேள்வி இருந்தால் அதோடு முடித்துவிடலாம். அப்படி ஒரு கேள்வி இல்லை.

"கேளுங்க, கேளுங்க" என்றார் பொங்கியண்ணன். "இன்னைக்கு எது வேணும்னாலும் கேளுங்க."

கலைத்தது யார்? சேலத்து டாக்டர், தங்கமான மனிதர். உங்கள் சம்மதத்தோடா? முழு மனதோடு. வீட்டில் யாராவது வற்புறுத்தினார்களா? யாரும் இல்லை, நானாகத்தான் ஓடிப் போனேன். வருத்தப்படுகிறீர்களா? இந்தக் கேள்விக்கு அவர் சிரித்த சிரிப்பில் காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். தமயந்தி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கேள்வியை வாசித்தார்.

"இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி கலைச்சது ஏதாச்சும் உண்டுங்களா?"

"இந்த வீட்டுலயா" என்று சிரித்தபடியே ஆரம்பித்தார் பொங்கியண்ணன். அதற்கு மேல் சொல் வரவில்லை.

அங்கப்பன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜீப்பின் டயரைப் பார்க்க வாசலுக்குப் போனார்.

சாரதாமணி காபித் தட்டோடு சமையலறைக் கதவில் நின்றிருந்தாள். தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். டம்ளர்களை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. கணவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தமயந்தி அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இதுதான் முதல் தடவைங்களா?"